அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் எதிர்கொண்டு அழைப்பது மனிதர்கள் இல்லை, சுக்கு. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் அடுக்கிக் கிடக்கும் சுக்கும் மிளகும் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துவிட்டு ஒரு நெடி விடும். அது தொண்டையில் இறங்கியதும் எனக்குத் தும்மல் வந்துவிடும். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், நம் ஆடியைப் போல மழை கொட்டுகிற கர்க்கடக மாசத்தில் ஒரு மத்தியானம், ஒரு கையில் குடையும் மறு கையில் வாழையிலைக் கட்டுமாகத் தும்மிக்கொண்டே என் தங்கை வீட்டுச் சந்துக்குள் நுழைந்தேன். மறுநாள் அவள் மாமனாருக்கு முதல் வருஷத் திவசம்.

என் பெயர் விஸ்வேஸ்வரன். பாலக்காட்டில் ஸ்டேஷன் பக்கம் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மொபைலுக்கு ரீசார்ஜ் கூப்பனும் விற்பேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், 'அதுக்கு ரேஷன் கார்டு உண்டா?' என்று கேட்டு வாயை அடைக்கிற ஆசாமி நான். இப்போது அப்படிக் கேட்பதில்லை.

கதவைத் தட்டுவதற்கு முன்பே ஜெயலக்ஷ்மி திறந்தாள். ஒரு மாசத்தில் பாதியாக இளைத்திருந்தாள். கையிலிருந்த இலைக்கட்டை வாங்கிக்கொண்டு, வா என்றுகூடச் சொல்லாமல் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஏண்டி, ஆத்துல நோயாளி யாராவது படுத்திண்டிருக்காளா? எதுக்கு இந்தக் குசுகுசுப்பு?"

"மெதுவாப் பேசு அண்ணா. அது ஆன்ல இருக்கு."

"எது?"

சமையலறைக்குள் கூட்டிப் போனாள். பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், துண்டில் சுற்றி, ஒரு மொபைல் போன் இருந்தது. அவள் மாமனார் வைத்திருந்த அதே சாம்பல் நிறப் போன். பொத்தான்களில் எழுத்துத் தேய்ந்து போயிருந்தது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெயாவின் புருஷன், பிள்ளைக்கு நாலு வயசாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான். அப்புறம் அந்த வீட்டை நடத்தியது மாமனார்தான். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டார், பேரனைப் படிக்க வைத்தார். ஆனால் அந்த வீட்டில் அவர் கேட்காமல் ஒரு ஜன்னல் திறக்காது. அவர் இருமினால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். கடைசியாகப் படுத்திருந்தபோது பார்க்கப் போன என்னிடம், "எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போறேள். நான் எங்கேயும் போறதா இல்லை, கேட்டீரா விஸ்வம்," என்றார். என்னை விஸ்வம் என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவர் பெயர் வெங்கிடேஸ்வரன்.

பேரனுக்கும் அதே பெயர். எங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். மாமனார் பெயரை மாட்டுப்பெண் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். ஆகவே ஜெயாவால் தான் பெற்ற பிள்ளையின் பெயரையே வாயால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எங்கே பெயர் கேட்டாலும் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவாள். ஊமை என்று நினைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. வீட்டில் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே என்று பிள்ளையை ஹரி என்றாள். நாங்களும் ஹரி என்றோம். தாத்தா மட்டும் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். தன்னையே கூப்பிட்டுக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது போல.

ஹரிக்கு அப்போது இருபது வயசு. கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து, சஜி என்ற சிநேகிதனோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சம்பளத்தில் மொபைல் வாங்கினான். மூன்று வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தபோது தன் புது எண்ணை, தாத்தாவின் போனில் அம்மாவுக்காகப் பதிந்து வைக்க உட்கார்ந்தான்.

"என்ன பேர் போட்டான் தெரியுமோ?" என்றாள் ஜெயா.

"ஹரின்னுதானே?"

"முழுப் பேரையும் அடிச்சான். 'இனிமே நான் சம்பாதிக்கறவன், செல்லப்பேர் எதுக்கு'ன்னான். உடனே போன் என்னமோ கேட்டுது. வாசிச்சுட்டுச் சிரியோ சிரின்னு சிரிச்சான்."

போன் கேட்டது எனக்குப் புரிந்தது. அவள் மாமனாருக்குத் தன் எண் ஒருநாளும் ஓர்மையில் நின்றதில்லை. யாராவது கேட்டால் பார்த்துச் சொல்ல, தன் எண்ணைத் தன் பெயரிலேயே போனில் பதிந்து வைத்திருந்தார். ஹரி அதே பெயரை அடித்ததும், இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று போன் கேட்டிருக்கிறது.

"அவன் என்ன பண்ணினான்?"

"'தாத்தா, கொஞ்சம் நீங்கி உக்காருங்கோ'ன்னு சொல்லிண்டே அமுக்கினான்."

அன்று ராத்திரியே ஆரம்பித்ததாம். மாமனாரின் பழக்கத்தை விடாமல், வேலை இல்லாதபோது போனை அணைத்து வைக்கிறவள் ஜெயா. அணைத்ததை மறுபடி போட்டால் போதும், போட்ட கையோடு மணி அடிக்கும். எடுத்தால் பேச்சு இல்லை. ஒரு செருமல். அப்புறம், ஆத்துல யாரு, என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஹரிதான் விளையாடுகிறான் என்று இவள் திட்ட, நான் கூப்பிடவே இல்லையே என்று அவன் சத்தியம் செய்ய, அணைத்தால்தானே இந்த வம்பு என்று நாலைந்து நாளாகப் போனை அணைப்பதையே விட்டுவிட்டாள்.

"கூப்பிடறச்சே பேர் தெரியாதோ?"

"தெரியாது. நம்பர் மட்டும் வரும். அப்புறம் போய்ப் பார்த்தா அந்தப் பேர் இருக்கும்." அந்தப் பெயர் என்றபோது அவள் குரல் இன்னும் இறங்கியது.

இதற்காகவா இளைத்தாய் என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். இந்தப் பழைய போன்களுக்கு ஒரு குணம் உண்டு. போட்டதும், சிம்மில் கிடக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வசம் சேர்த்துக்கொள்ளும். அது முடிகிறவரை பெயர்களைத் திறக்கப் போனால், பொறு என்று சொல்லும். அதற்குள் யாராவது கூப்பிட்டால் பெயர் வராது, எண் மட்டும் வரும். அந்தக் கொஞ்ச நேரம் போனுக்கு யாரையுமே தெரியாது. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

"இன்னொண்ணு. பேர் ரெண்டு இடத்துல இருக்கும். சிம்முல ஒண்ணு, போன்ல ஒண்ணு. பெரியவர் ரெண்டுலயும் போட்டிருப்பார். ஹரி மாத்தினது போன்ல இருந்ததை. சிம்முல இருக்கறது அப்படியே இருக்கு. அதான் குழப்பம். வேறே பயப்பட ஒண்ணும் இல்லை."

சொல்லிக்கொண்டே வந்த அழைப்புகளைத் திறந்தேன். மாமனார் பெயர் வரிசையாக நின்றது. எதற்கும் எண்ணைப் பார்ப்போமே என்று ஒன்றை அமுக்கினேன்.

அது ஹரியின் எண் இல்லை.

மாசாமாசம் அந்தப் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறவன் நான். அந்த எண் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அது, என் கையில் இருந்த அதே போனின் எண்.

ஒரு போன் தன்னையே கூப்பிட்டுக்கொள்ள முடியாது. என் கடைக்கு வருகிற வாண்டுகள்கூட விளையாட்டாகச் செய்து பார்த்திருப்பார்கள்; பிஸி என்றுதான் வரும். நானும் ஜெயாவுக்கு முன்னால் செய்து பார்த்தேன். பிஸி என்றுதான் வந்தது. "ஏதோ கம்பெனிக்காரன் கோளாறு," என்று சொல்லிவிட்டு, சிம்மில் இருந்த அந்தப் பெயரை அழித்தேன். அணைத்தேன். மறுபடி போட்டேன்.

திரையில் வெளிச்சம் வந்தது. பெயர்களைத் திறந்தேன். பொறு என்றது.

வெளியே மழை வலுத்தது. அடுத்த கிடங்கின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஜெயா மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

மணி அடித்தது.

எண் மட்டும். அதே எண்.

காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பூட்டிய கிடங்குக்குள் நிற்பது போல ஒரு கனத்த அமைதி. யாரோ சாவகாசமாகச் செருமினார்கள்.

"வந்தாச்சா, விஸ்வம்?"

அப்புறம் எதுவும் இல்லை. போன் தன் வேலையை முடித்து, பெயர்களைத் திறந்து காட்டியது. நான் அழித்த பெயர், அழித்த இடத்திலேயே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹரி வந்தான். ஆலுவா வழியாகச் சுற்றி வந்ததாகச் சொன்னான். செருப்பை வாசலில் உதறிப் போட்டுவிட்டு ஓடி வருகிற பிள்ளை, அன்று ஜோடியாகச் சேர்த்து வைத்தான். குடையை மடக்கி, நீர் வடிய, ஜன்னல் கம்பியில் மாட்டினான். கூடத்தில் என்னைப் பார்த்ததும் நின்றான்.

"எப்போ வந்தீர்?"

என்னை வந்தீர் என்று கேட்கிறான், என் மடியில் மூத்திரம் போன பிள்ளை. நான் முறைத்ததும் சிரித்துவிட்டான்.

"சும்மா மாமா. தாத்தா மாதிரி பண்ணிக் காட்டினேன். பயந்துட்டேளா?"

அந்தச் சிரிப்பு ஹரியுடையதுதான். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் ஜெயா சிரிக்கவில்லை. காப்பி டம்ளரை அவனிடம் நீட்டியவள், அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் டவராவில் ஆற்றிக் குடிக்கிறவன், அவன் தாத்தா மாதிரியே டம்ளரை உயர்த்தி அண்ணாந்து விட்டுக்கொண்டான்.

மாடியில் அவனைத் தனியாகப் பிடித்தேன். மரப் படிகள் ஈரத்தில் ஊறிப் போய், மிதித்தால் முனகின. முதலில் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றான். பிறகு அவன் போனை எடுத்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் பாயில் வைத்தான். அது அணைந்திருந்தது.

"போடவே பேடியாயிருக்கு மாமா," என்றான் பயந்த குரலில்.

"என்ன வரது?"

"போட்ட உடனே வரும். பேரெல்லாம் ஏறி முடியறதுக்குள்ளே. 'யாரு'ன்னு கேட்கும். நான் என் பேரைச் சொல்லுவேன். 'அது நானாக்கும். நீ யாரு?'ன்னு கேட்கும்."

"ஹரின்னு சொல்ல வேண்டியதுதானேடா!"

"சொன்னேன். 'அப்படி இங்கே யாரும் இல்லையே'ன்னுது."

கீழே ஜெயா மறுநாளைக்கு எள் புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹரி இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

"முந்தாநாள் ரோட்டுல சஜி பின்னாலேந்து ஹரீ, ஹரீன்னு கூப்பிட்டுண்டே வந்திருக்கான். நேக்குக் கேட்டுது மாமா, நன்னாக் கேட்டுது. யாரையோ கூப்பிடறான்னு நினைச்சுண்டு நடந்துண்டே இருந்தேன். அவன் வந்து தோளைத் தொட்டப்பறம்தான்..." அவன் கண்ணில் நீர் நின்றது. "அம்மாகிட்டே பறயாதேங்கோ."

அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இறங்கி வந்தபோது அவள் மாடிப்படியின் அடியில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நேக்கு வேறே ஒண்ணும் வாண்டாம் அண்ணா. ஆத்தை எடுத்துக்கட்டும். என்னைக்கூட எடுத்துண்டு போகட்டும். அவன் மட்டும் நேக்கு வேணும்."

அவளுக்காகத்தான் அதைச் செய்தேன். தாத்தாவின் போனை எடுத்து, ஹரியின் எண் இருந்த பதிவைத் திறந்து, நீளமான பெயரை ஓரெழுத்து விடாமல் அழித்தேன். அந்த இடத்தில் ஹரி என்று அடித்துச் சேமித்தேன். சிம்மிலிருந்ததை மறுபடி அழித்தேன். பிறகு மாடியைப் பார்த்து, "டேய், அம்மா போனுக்கு ஒரு கூப்பு கூப்பிடு பார்ப்போம்," என்று கத்தினேன்.

போன் அடித்தது. திரையில் ஹரி என்று வந்தது. காதில் வைத்த ஜெயாவிடம், "அம்மா, பசிக்கறது. என்ன இருக்கு?" என்றான் பிள்ளை. அவள் அழுதுகொண்டே, "நோக்கு மோர்க்குழம்பு இருக்குடா," என்றாள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு என் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. படுக்கப் போவதற்கு முன், எதற்கு வம்பு என்று அந்தப் போனை அணைத்து, சிம்மைக் கழற்றி வேஷ்டி மடியில் செருகிக்கொண்டேன்.

காலையில் மழை விட்டிருந்தது. வானம் மட்டும் தெளியவில்லை. வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். கொச்சி முழுக்கத் திவசம் செய்து வைக்கிற மனிதர். மந்திரம் ஒரு பக்கம், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்ற கவலை ஒரு பக்கம். ஹரி ஈர வேஷ்டியோடு, விரலில் தர்ப்பைப் பவித்ரத்தோடு மனையில் உட்கார்ந்தான். நெய்ப் புகையும் எள் வாசனையும் கூடத்தை நிறைத்தன. சுக்கு நெடி அன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

பிண்டம் வைக்கும் கட்டம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

செத்தவரின் பெயரைச் சொல்லித்தான் பிண்டம் வைக்க வேண்டும். மற்ற வீடுகளில் அப்பாவுக்குப் பிள்ளை செய்வான். இரண்டு பெயரும் வேறு வேறாக இருக்கும். நடுவில் அப்பன் இல்லாத இந்த வீட்டில், தாத்தாவுக்குப் பேரன் செய்கிறான். வெங்கிடேஸ்வரன் என்கிற பிள்ளை, வெங்கிடேஸ்வரன் செத்துவிட்டான் என்று சொல்லி, வெங்கிடேஸ்வரனுக்குச் சோற்று உருண்டை வைக்கிறான். ஒரு வருஷமாக, மாசாமாசம் அப்படித்தான் வைத்திருக்கிறான். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அதுதானே வழக்கம்.

வாத்தியார் சொல்லச் சொல்ல ஹரி திருப்பிச் சொன்னான். முதலில் தடுமாறினான். பெயர் வந்த இடத்தில் குரல் தேறியது. அடுத்த முறை இன்னும் கனத்தது. பிறகு வாத்தியார் சொல்வதற்கு முன்பே அவன் சொல்ல ஆரம்பித்தான். ஸ்வரம் பிசகாமல், அவசரம் இல்லாமல், நடுநடுவே செருமிக்கொண்டு. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தார்.

"எங்கே பாடம் பண்ணினாய் குழந்தே?"

ஹரி சொல்ல வேண்டியது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, பவித்ரத்தைக் கழற்றி வைத்தான்.

காக்காய்க்கு வைக்கிற பிண்டத்தை எடுத்துக்கொண்டு ஜெயா கொல்லைப்புறம் போனாள். நானும் போனேன். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இலையை வைத்து, கையை நனைத்துத் தட்டிக் கூப்பிட்டாள். அடுத்த கிடங்கின் மதில் முழுக்கக் காக்காய்கள். மழை விட்ட பிறகு சிறகு உலர்த்த வந்தவை. எல்லாம் இங்கேதான் பார்த்தன.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினாள். "வாங்கோ," என்றாள் மெதுவாக. "குத்தம் இருந்தா க்ஷமிச்சுண்டு வாங்கோ."

ஒரு காக்காய்கூடக் கரையவில்லை. வாத்தியார் வாசற்படியில் நின்று, இன்னும் செத்த நாழி பார்க்கலாம், இல்லையானால் ஜலத்தில் விட்டுவிடலாம் என்றார். ஜெயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். வர வேண்டியவர் வெளியே இருந்தால்தானே வருவார்?

அப்போது சமையலறையில் மணி அடித்தது.

என் கை தானாக மடியைத் தொட்டது. சிம் அங்கேயே இருந்தது.

உள்ளே ஓடினேன். பருப்பு டப்பாக்களின் பின்னால் துண்டு வெளிச்சமாகத் தெரிந்தது. பிரித்தேன். சிம் இல்லாவிட்டால் அந்தப் போன், கார்டைப் போடு என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பெயர்களைத் திறக்கக்கூட விடாது. அது அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெயரும் இருந்தது.

ஹரி என்று.

"இங்கே தாரும்."

ஈர வேஷ்டியோடு அவன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். நான் கொடுக்கவில்லை. அவனே என் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டான். அந்தக் கை ஜில்லென்றிருந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான், வயசானவர்கள் பிடிக்கிற மாதிரி.

"ஆமாம். ஆத்துலதான்." செருமினான். "நான்தான் பேசறேன்."

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. எனக்குக் கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையை ஹிஸ்டீரியா, நரம்புத் தளர்ச்சி என்று ஏதாவது சொல்லி நானே மூடியிருப்பேன்.

"அம்மா இருக்காளா? அம்மாகிட்டே குடுங்கோ. நேக்கு இங்கே ஒண்ணும் தெரியலை. யாரையும் தெரியலை. அம்மாகிட்டே குடுங்கோ..."

நேற்று மாடியில் என்னோடு பேசிய அதே குரல்.

"ஹரியா?" என்றான் அவன். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் விரோதம் இல்லை, சந்தோஷமும் இல்லை. தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்து, இப்போது எழுந்து போன பிறகு வருகிற ஒரு திருப்தி மட்டும் இருந்தது. "அப்படி இங்கே யாரும் இல்லையே."

பொத்தானை அமுக்கினான். வெளிச்சம் அணைந்தது.

ஜெயா கொல்லை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"ஹரி," என்றாள்.

அவன் போனைத் துடைத்துத் துண்டின் மேல் வைத்தான்.

"ஹரி! டேய் ஹரீ!"

அவன் திரும்பவில்லை. சாப்பாட்டு இலைகள் போட்டிருந்த கூடத்தைப் பார்த்து நடந்தான். வாத்தியார் வழி விட்டு விலகினார், ஏனென்று தெரியாமலே.

என் தங்கையின் முகத்தில் அப்போது வந்த பதற்றத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பிள்ளை கிணற்றில் விழுவதைப் பார்க்கிற தாய்க்கு வழக்கமென்ன, மரியாதையென்ன. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் வாயில் வராத பெயரை, ஒரு தடவைகூட வராத பெயரை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வெங்கிடேஸ்வரா!"

அவன் நின்றான். திரும்பினான்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடற மட்டுக்கும் ஆயாச்சா, ஜெயலக்ஷ்மி?"

ஜெயா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, காற்றுப்படட்டும் என்று கொல்லைக்கு நடத்திக் கூட்டிப் போனேன். மதிலில் இருந்த காக்காய்கள் எல்லாம் எப்போது பறந்தன என்று நான் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் இறங்கி வந்திருந்தது. சின்னக் காக்காய். பிண்டத்தின் பக்கம் அது போகவே இல்லை. ஈர மண்ணில் தத்தித் தத்தி ஜெயாவின் காலடிக்கு வந்து, தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். பரிகாரம், டாக்டர், ராமேஸ்வரம், ஒன்றும் பாக்கி இல்லை. வெங்கிடேஸ்வரனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சஜி மட்டும் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். தாத்தாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான், என்ன பொறுப்பு, என்ன அடக்கம் என்று மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் அவனைப் பற்றிப் பெருமை. அந்தச் சாம்பல் போனை ஜெயா அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சார்ஜ் இறங்கிப் போன அந்தப் போனை அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்டதில்லை.

என் போனில் அவன் எண்ணை ஹரி என்றுதான் வைத்திருந்தேன். அவன் கூப்பிட்டபோதெல்லாம் முழுப் பெயர் வந்தது. நான் மாற்றுவேன், அது திரும்ப வந்து நிற்கும். கொஞ்ச நாளில் மாற்றுவதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் பொங்கலுக்கு மட்டாஞ்சேரி போயிருந்தேன். மத்தியானம் கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. முதல் இலைக்கு முன்னால் அவன் உட்கார்ந்து, பரிமாறத் தாமதமாகிறதென்று காட்ட ஒருமுறை செருமினான். ஜெயா அதைக் கேட்காதவள் போல, மோர்க்குழம்பு பிசைந்த சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கையைத் தட்டவில்லை. தரையைப் பார்த்து, யாருக்கும் கேட்காத மாதிரி, ஒரே ஒரு தடவை ஹரி என்றாள்.

துளசி மாடத்துக்குப் பின்னாலிருந்து அது தத்தித் தத்தி வந்தது. அவள் கையிலிருந்தே சாப்பிட்டது. கூடத்திலிருந்து, "அங்கே யாரோட பேச்சு?" என்று குரல் வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கி, அசையாமல் இருந்தார்கள்.